மழை முடியட்டும், பார்க்கலாம்

விளக்கு வைக்கும் நேரம். கடைக்குள் முதலில் ஊதுபத்திப் புகை எழும். பிறகு லட்சுமி படத்துக்கு மேலே சின்னச் சிவப்பு பல்பு எரியும். சுவரோரம் அடுக்கிய குழாய்களும் மோட்டார் பாகங்களும் கொஞ்ச நேரம் சிவந்து நிற்கும்.

வெளியே ஐப்பசி மழை. தாராபுரம் கடைவீதி முழுக்க நனைந்து கிடக்கிறது. யாருடைய ஒற்றைச் செருப்போ சாக்கடை நீரில் மிதந்து போகிறது.

அந்த பல்பு எரிந்துவிட்டால் அந்தக் கடையில் ஒரு சொல் செத்துவிடும். இல்லை என்ற சொல். பொருள் தீர்ந்துபோயிருந்தாலும் அதைச் சொல்லக் கூடாது. விளக்கு வைத்த இடத்தில் இல்லை என்றால் லட்சுமி எழுந்து போய்விடுவாள் என்பது கடைக்காரர் நாச்சிமுத்துவின் நம்பிக்கை.

அதனால் அவர் வேறு மாதிரி சொல்வார். "நாளைக்கு வந்துருமுங்க." "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க." மாலைக்கென்று இருந்த பழக்கம் காலைக்கும் வந்தது. வெள்ளிக்கிழமைக்கென்று இருந்தது வாரம் முழுக்கப் பரவியது. இப்போது அவர் வாய்க்கு அந்தச் சொல்லே வராது.

அவருடைய ஒரே மகள் சங்கவி. மெக்கானிகல் இன்ஜினியரிங், கடைசி வருடம். அன்று கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியிலிருந்த செல்போன் அதிர்ந்தது.

பதில் வந்திருந்தது.

கோயம்புத்தூர் பம்ப் கம்பெனியின் பதில். கடைசி செமஸ்டரில் அங்கே இன்டர்ன்ஷிப் செய்ய விண்ணப்பம் போட்டிருந்தாள். கடையின் பெயர்ப் பலகையில் பாதி இடம் அந்தக் கம்பெனியின் பச்சை எழுத்துக்குத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் அவள் முதலில் படித்ததும் அந்தப் பச்சை எழுத்தைத்தான்.

சின்னப் பதில். உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, மிக்க மகிழ்ச்சி. மழைக்காலம் முடியட்டும், நல்லபடியாகப் பார்க்கலாம். கீழே ஜெகந்நாதன், மேலாளர் என்று பெயர். எழுதியது ஆங்கிலத்தில். நினைத்தது தமிழில்.

மழை முடியட்டும். பார்க்கலாம்.

யார் பார்ப்பது? எதைப் பார்ப்பது? மழைக்கும் ஒரு பெண் பட்டறையில் நிற்பதற்கும் என்ன சம்பந்தம்? கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. மகிழ்ச்சி என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு எல்லோரும் மகிழ்ந்துபோனார்கள்.

அம்மா வசந்தாமணிக்கு அதில் குழப்பமே இல்லை. "மழையில புள்ள பஸ் ஏறி எறங்கிச் சீரழிய வேண்டாம்னு நெனச்சிருக்காங்க. நல்ல மனுசங்க" என்றாள். யாரென்றே தெரியாத ஜெகந்நாதனுக்கு அன்றிரவு அந்த வீட்டில் நல்ல பெயர் கிடைத்தது.

கல்லூரியில் வேலைவாய்ப்பைக் கவனிக்கும் சார் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுப் படித்தார். "பாசிட்டிவ்தான்" என்றார். அப்படியென்றால் சேர்வதற்கான கடிதம் வருமா என்று கேட்டாள். "வரும்னு வெச்சுக்கலாமே" என்றார். அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். அவர் வாயிலும் அந்தச் சொல் இல்லை.

தோழி பெனாசிர் மட்டும் செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள். "இது வராதுடி. வேற எடம் பாரு."

சங்கவிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கம்பெனி மீது வரவில்லை. பெனாசிர் மீது வந்தது. உள்ளதைச் சொன்னவள் மீதுதானே முதலில் வரும். பொறாமை என்றுகூட நினைத்துக்கொண்டாள். அதன் பிறகு ஒரு வாரம் இருவரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவில்லை.

அப்பாதான் அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். தமிழில் சொல்லச் சொன்னார். "நல்லபடியான்னு போட்டுருக்காங்களா? அந்த வார்த்தையேவா? அப்ப ஆச்சு கண்ணு. சும்மா யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

கடைவீதியிலேயே அதை நாள் தவறாமல் சும்மா சொல்கிற ஆள் அவர்தான். நல்லபடியா வந்துருமுங்க, நல்லபடியா பாத்துக்கலாமுங்க. தினமும் தன் வாயால் விற்கிற சரக்கு. அடுத்தவன் விற்றபோது அடையாளம் தெரியாமல் வாங்கிவிட்டார்.

அவளும் வாங்கிவிட்டாள். அந்தக் கடையிலேயே வளர்ந்தவள்.

கல்லூரி ஆய்வகத்தின் மூலையில் ஒரு பம்ப் உண்டு. பாதியாக வெட்டி, உள்ளே தெரிகிற பாகங்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் நீலமும் பூசி, பீடத்தில் உட்கார வைத்திருப்பார்கள். இன்டர்ன்ஷிப் கிடைக்காதவர்கள் அதைச் சுற்றி நின்று அளவெடுத்து, போன வருடத்து ஆட்கள் எழுதியதையே எழுதி, பாஸாகிப் போவார்கள்.

தண்ணீரையே பார்க்காத பம்ப். சங்கவிக்கு அதைக் கண்டாலே பிடிக்காது. ஓடுகிற பம்ப் வேண்டும் அவளுக்கு. இரும்பை உருக்கி ஊற்றுகிற இடத்தில் நிற்க வேண்டும். முதல்முறை சோதனைக்குப் போட்டதும் குழாய் உதறிக்கொண்டு தண்ணீர் வரும் அந்தக் கணத்தில் கை வைத்துப் பார்க்க வேண்டும். தை மாதம் கல்லூரி சொல்கிற நாளுக்குள் ஒரு கம்பெனியின் கடிதம் வந்தால் அது நடக்கும். வராவிட்டால் வெட்டிய பம்ப்.

இடையில் ஒரு போன் வந்தது. பல்லடத்திலிருந்து ரங்கராஜ். சின்னதாகப் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கும் விண்ணப்பம் போட்டிருந்ததை அவளே மறந்திருந்தாள்.

"வர்றியா கண்ணு? பணம் பெருசாத் தர முடியாது. ஆனா மிஷினத் தொட விடுவேன். திங்கக்கெழமைக்குள்ள சொல்லீரு."

அவ்வளவுதான் பேச்சு. அதில் மழை இல்லை, மகிழ்ச்சி இல்லை, புரியாத ஒரு சொல்கூட இல்லை.

"யோசிச்சுச் சொல்றேங்கண்ணா" என்றாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "அத்தன பெரிய எடத்துல வாய் தொறந்து சொல்லியிருக்காங்க. இதுல பட்டறைக்குப் போய் நிப்பியாக்கும்?" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. நல்ல மழை. அவள் ரங்கராஜின் எண்ணை எடுத்துப் பார்த்தாள். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வைத்துவிட்டாள். செவ்வாயும் மழை.

மழை. பிறகு மழை. அமராவதியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் போனது. வயல்களில் மோட்டார்கள் ஓய்ந்தன. கடையில் வியாபாரம் ஓய்ந்தது. நாச்சிமுத்து கதவோரம் நின்று மழையைப் பார்த்தார். சங்கவி செல்போனைப் பார்த்தாள்.

கார்த்திகையில் ஒருமுறை எழுதிக் கேட்டாள். உடனே பதில் வந்தது. அவசியம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கும் வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். மறக்கவில்லையே, அதுவே பெரிசு என்றாள் அம்மா.

தீபத்தன்று மழை கொஞ்சம் விட்டது. வாசலில் வைத்த விளக்குகள் காற்றில் அணைந்து அணைந்து எரிந்தன. ஒவ்வொன்றையும் அவள்தான் மறுபடி ஏற்றினாள். ஏற்றும்போதெல்லாம் மனதில் ஒரே வாசகம். மழை முடியட்டும். மழை முடியட்டும்.

பெனாசிருக்கு வரிசையாகக் கதவு சாத்தினார்கள். இடமில்லை. எடுப்பதில்லை. பெண்களுக்கு வசதியில்லை. முகத்திலடித்த மாதிரிப் பதில்கள். ஒவ்வொன்றுக்கும் கல்லூரிப் பஸ்ஸில் அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, இறங்குவதற்குள் அடுத்த இடத்துக்கு எழுதினாள். காங்கேயத்தில் எண்ணெய்ச் செக்கு இயந்திரம் செய்கிற ஓரிடத்தில் வரச் சொல்லிவிட்டார்கள்.

சங்கவி ஒருமுறையும் அழவில்லை. அழுவதற்கு அவளுக்கு யாரும் எதையும் கொடுத்திருக்கவில்லை. வேறு எங்கும் எழுதவும் இல்லை. நல்லபடியாகப் பார்க்கலாம் என்று சொன்னவர்களை வைத்துக்கொண்டு வேறிடத்தில் கேட்பது துரோகம் என்று நினைத்தாள். துரோகமாம். அந்த ஜெகந்நாதன் பதிலை அனுப்பிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார். இங்கே ஒருத்தி விசுவாசமாக இருந்தாள்.

மார்கழியில் வானம் வெளுத்தது. பனி இறங்கியது. தை பிறந்தது. பொங்கல் பானைக்கு மேலே ஒரு துளி மேகம் இல்லை.

மழை முடிந்துவிட்டது.

அவள் காத்திருந்தாள். எழுதினாள், பதில் இல்லை. போன் செய்தாள், ஜெகந்நாதன் மீட்டிங்கில் இருந்தார். கல்லூரி சொன்ன நாள் திங்கட்கிழமை என்று வந்து நின்றது. வெள்ளிக்கிழமை காலையில் கோயம்புத்தூர் பஸ் ஏறினாள்.

பஸ் ஜன்னலில் வெயில். சுத்தமான, கழுவி வைத்த வெயில். பல்லடம் தாண்டும்போது வெளியே பார்க்காமல் இருந்தாள்.

கம்பெனி நன்றாக இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். வாசலில் மாக்கோலம், உள்ளே சாம்பிராணி வாசம், சுவருக்குப் பின்னால் எங்கோ ஓடுகிற பம்ப்புகளின் ஒரே சீரான சத்தம். அந்தச் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. இங்கேதான் நின்றிருக்க வேண்டும் என்று அவள் கால்களுக்குத் தெரிந்தது.

ஜெகந்நாதன் வெள்ளைச் சட்டை, விபூதி, கனிவான முகம். "உக்காருங்கம்மா. காப்பி சாப்புடுங்க" என்றார். அவள் பெயரைச் சொன்னதும், "ஆமாமா, ஞாபகம் இருக்கு" என்றார். உண்மையாகவே ஞாபகம் இருந்தது அவருக்கு. அது இன்னும் மோசம்.

"மழை முடிஞ்சிருச்சுங்க சார்" என்றாள் சங்கவி.

அவர் சிரித்தார். "முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு. பாக்கலாம்மா. கோடை வரட்டும்."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எடுத்துக்கறீங்களா, இல்லீங்களா? எனக்குத் திங்கக்கெழமை கடைசி நாளுங்க சார்."

அவர் முகம் சங்கடப்பட்டது. மேலே பார்த்தார். சுவரில் மாலை போட்ட ஒரு படம், கம்பெனியை ஆரம்பித்த பெரியவர். "இந்த ஆபீஸ்ல இருந்து இல்லைன்னு ஒரு பதில் இன்னிக்கு வரைக்கும் போனதில்லம்மா. பெரியவர் போட்ட வழி. கேட்டு வந்தவங்க மனசு நோகக் கூடாதும்பார். நாங்க அதப் பெருமையாவே சொல்லிக்குவோம்."

"அப்ப எடம் இல்லைன்னா எப்படித்தான் சொல்லுவீங்க?"

"சொல்ல வேண்டியதில்லம்மா. அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

"நான் புரிஞ்சுக்கலயே சார்."

அவர் அவளை முதல்முறையாக நிதானமாகப் பார்த்தார். "அப்பா என்ன பண்றாருங்க?"

"தாராபுரத்துல பைப் கடை. உங்க டீலர்தானுங்க."

"கடைக்காரர் பொண்ணா இருந்துட்டா புரியல?" என்றார். கேலி இல்லை அதில். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

அந்த ஆச்சரியம்தான் அவளை அறைந்தது. மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தது, விளக்கு விளக்காக ஏற்றியது, பெனாசிரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தது, எல்லாமே அவள் புரிந்துகொள்ளாத குற்றமாம். அவர்கள் சொல்லாததில் தப்பே இல்லை. அவர்கள் மனது சுத்தம், வாய் சுத்தம். நோகவிடாமல் பார்த்துக்கொண்டது யாருடைய மனதை? தங்கள் மனதைத்தான். ஒரு சொல்லின் பாரத்தைத் தூக்க மாட்டாமல், அதை ஒரு பெண்ணின் தலையில் மாதக்கணக்கில் ஏற்றி வைத்துவிட்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"சொல்லுங்க சார்" என்றாள். குரல் உயர்ந்தது. பக்கத்து மேஜைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "இல்லைன்னு ஒரு தடவ சொல்லுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்."

ஜெகந்நாதன் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா..." என்றார்.

அவள் பையை எடுத்தாள். "போயிட்டு வாங்கம்மா" என்றார் அவர், தப்பித்த குரலில்.

"போறேங்க சார்."

வெறும் போறேன். வருவேன் என்று ஒட்டவில்லை. அவர் முகம் சுருங்கியது. யாரும் எந்த வீட்டிலும் எந்த அலுவலகத்திலும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். வேண்டுமென்றுதான் சொன்னாள். படியிறங்கும்போது காலடியில் பம்ப்புகளின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது.

திரும்பும் பஸ்ஸில் கோபம் இறங்கவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்த விரல்கள் வலித்தன. நாக்கில்லாதவர்கள், நாக்கில்லாதவர்கள் என்று மனதுக்குள் வைதுகொண்டே வந்தாள்.

பல்லடம் வந்தது. பஸ் நின்றது. இந்தத் தடவை வெளியே பார்த்தாள்.

யோசிச்சுச் சொல்றேங்கண்ணா.

அவள் சொன்னதுதான் அது. அவளும் அப்படியே விட்டுவிட்டாள். அவளும் அந்தக் கடைக்காரர் மகள்தான். கோபம் சட்டென்று திரும்பி அவள் மடியிலேயே உட்கார்ந்தது. செல்போனை எடுத்தாள். கூச்சமாக இருந்தது. இருந்தும் அழைத்தாள்.

"அண்ணா, தாராபுரம் சங்கவிங்க. அன்னிக்கே வரலைன்னு சொல்லியிருக்கோணும். சொல்லாம விட்டுட்டேனுங்க. தப்புங்கண்ணா."

அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடும் சத்தம். அதை நிறுத்திவிட்டு ரங்கராஜ் பேசினார். "நீ வருவீன்னு ஜன்னலோரமா ஒரு டேபிள் போட்டு வெச்சிருந்தேன் கண்ணு. போன வாரந்தான் வேற ஒருத்தர எடுத்தேன். இப்ப எடம் இல்ல."

இடம் இல்லை. பளிச்சென்று. கெட்ட சொல் என்று அவள் பயந்து வளர்ந்த சொல். அது விழுந்ததும் கண்ணீர் வந்தது. ஐப்பசியிலிருந்து வராத கண்ணீர். குண்டடம் தாண்டும்வரை அழுதாள். பக்கத்து சீட்டு அம்மாள் கேள்வி கேட்காமல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

கடைக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். ஊதுபத்திப் புகை. சிவப்பு பல்பு. வெளியே மழையின் சுவடே இல்லாத தை மாத வானம்.

கல்லாவுக்கு முன்னால் சென்னியப்பன் நின்றிருந்தார். ஊருக்கு வெளியே சின்ன வெங்காயம் போட்டிருக்கிறவர். கிணற்றுக் குழாயின் அடியில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிற ஃபுட் வால்வு உடைந்து, மோட்டார் வெறும் காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு முன்பிருந்து அந்த வால்வுக்காக நடக்கிறார். முகம் காய்ந்திருந்தது.

"நாளைக்குக் கண்டிப்பா வந்துருமுங்க" என்றார் நாச்சிமுத்து. "நல்லபடியா வந்துரும்."

அந்த அளவு வால்வை ஏற்றிக்கொண்டு எந்த லாரியும் கிளம்பியிருக்கவில்லை. அவருக்குத் தெரியும். சங்கவிக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் அதை நம்பித் தலையாட்டிவிட்டுத் திரும்பினார்.

"இல்லைங்க" என்றாள் சங்கவி.

ஊதுபத்தியைச் செருகிக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றது.

"எங்க கடையில இல்லைங்க. நாளைக்கும் வராதுங்க. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல இருக்கற கடையில இருக்குது. சாத்தறதுக்குள்ள இப்பவே போங்க."

சென்னியப்பன் அவளைப் பார்த்தார். பிறகு நாச்சிமுத்துவைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. "இத அன்னிக்கே சொல்லியிருந்தா பாதி வெங்காயம் பொழச்சிருக்குமே கண்ணு" என்றார். மொபெட்டை மிதித்துக் கிளப்பிக்கொண்டு வேகமாகப் போனார்.

அப்பாவின் விரலைச் சுட்ட பிறகுதான் ஊதுபத்தி கீழே விழுந்தது.

"வெள்ளிக்கெழம சாமி..." என்றார் மெதுவாக.

"அவங்களும் அதேதானுங்கப்பா சொன்னாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அழுது வீங்கிய கண்ணைப் பார்த்தார். அதிலிருந்து புரிந்துகொண்டார். புரிந்துகொள்வதில் அவர் கெட்டிக்காரர்தான், ஒரே ஒரு முறை தவிர. ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்தார். மொபெட்டின் புகை இன்னும் அங்கே நின்றிருந்தது.

திங்கட்கிழமை அவளுக்கு அந்த வெட்டிய பம்ப்தான். சிவப்பும் மஞ்சளும் நீலமும். அது நடந்துவிட்டது, அதை இனி யாரும் மாற்ற முடியாது.

அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் லட்சுமி படத்தைப் பார்த்தார்கள். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. குழாய்களும் மோட்டார் பாகங்களும் சிவந்து நின்றன. லட்சுமி எழுந்து போகவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.